ஹெலிகாப்டர் கிடைக்கல... வத்தல்மலை கிடைச்சது!

"ஹெலிகாப்டர்ல போய் பட்டாசு பார்க்க எவ்வளவு ஆகும்?"

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கின் காலை மீட்டிங்கில் சீனியர் கேட்ட கேள்வி இது. அதற்கு முந்தைய இரவு எல்லோருடைய போனிலும் ஒரே வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். நல்ல இருட்டில் ஒரு ஹெலிகாப்டர். உள்ளே ஒரு ஜோடி. அவர்கள் காலுக்குக் கீழே வாணவேடிக்கை பூப்பூவாக விரிந்து அணைகிறது.

"நம்மூர்ல இது முடியுமா, முடிஞ்சா எங்கே, எவ்வளவு? 600 வார்த்தை. தீபாவளி ஸ்பெஷல்ல போட்டுடலாம். யார் பண்றீங்க?"

நான் கையைத் தூக்கினேன்.

"நீ நல்லம்பள்ளிதானே? உங்க ஊர்ல ஹெலிகாப்டர் எல்லாம் இறங்குமா?"

"எலெக்‌ஷன் வந்தா பக்கத்துல எங்கேயாவது இறங்கும் சார்" என்றேன். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தர்மபுரியில் இருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய்க்கு முன்னால் வரும் ஊர் நல்லம்பள்ளி. பெங்களூரு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எங்களைக் கடந்து போனவர்கள்தான் அதிகம். எங்களுக்கு இருக்கும் ஒரே பெருமை செவ்வாய்க்கிழமை சந்தை. தீபாவளிக்கு முந்தைய செவ்வாய் வந்தால் விடிவதற்கு முன்பே ஆடுகளும் வேன்களும் ஆட்களுமாக ஊர் நிறைந்துவிடும். என் அப்பா அந்தச் சந்தையில் ஆட்டு வியாபாரி. ஜர்னலிசம் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டியது ஆடுகள்தான்.

முடியுமா, முடியாதா?

இரண்டு நாள் போன் போட்டும், படித்தும் தெரிந்துகொண்டது இதுதான்.

அமெரிக்காவில் லாஸ் வேகாஸ், நியூயார்க் போன்ற நகரங்களில் இரவு ஹெலிகாப்டர் சுற்றுலா சகஜம். ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு வாணவேடிக்கை பார்க்கத் தனியாக முன்பதிவு செய்து பறப்பவர்கள் உண்டு. ஜப்பானில் யோகோஹாமாவிலும் இரவில் நகரத்தைச் சுற்றிக்காட்டும் ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன. வீடியோவில் பார்க்கும்போது வெடியின் நடுவே புகுந்து போவது மாதிரி தெரிந்தாலும், உண்மையில் பைலட்டுகள் வேடிக்கை நடக்கும் இடத்துக்கு நேர் மேலே போக மாட்டார்கள். பாதுகாப்பான தூரத்தில் ஒதுங்கி நின்று, சாய்வாகத்தான் காட்டுவார்கள். அதிகம் பயன்படும் ராபின்சன் ஆர்-44 ரக ஹெலிகாப்டரில் பைலட்டைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம்.

நம் நாட்டில் ஹெலிகாப்டர் பயணம் என்றால் கேதார்நாத், வைஷ்ணவி தேவி கோயில்தான் நினைவுக்கு வரும். எல்லாமே பகலில். கண்ணால் பார்த்து ஓட்டுகிற விதிமுறையில் பறக்கும் விமானமோ ஹெலிகாப்டரோ, சூரியன் மறைந்ததில் இருந்து உதிக்கும் வரை பறக்க இந்தியாவில் பொதுவாக அனுமதி இல்லை. விமானக் கட்டுப்பாட்டு மையம் விலக்குக் கொடுத்தால்தான் உண்டு. இரவில் இறங்க விளக்கு வசதியுள்ள தளமும் வேண்டும். தீபாவளி ராத்திரியில், வானம் முழுக்க ராக்கெட் பறக்கும் நேரத்தில், "நாங்க வேடிக்கை பார்க்கணும்" என்று கேட்டால் யார் அனுமதிப்பார்கள்?

ஆக, 600 வார்த்தைக்கான பதில் ஒரே வார்த்தை. முடியாது.

தேடும்போது கிடைத்த இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஜப்பானில் 1993-ல் ஷுன்ஜி இவாய் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார். பிறகு 2017-ல் அது அனிமேஷனாகவும் வந்தது. அதில் பள்ளிக்கூடப் பையன்களுக்குள் ஒரு சண்டை. வாணவேடிக்கையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் உருண்டையாகத் தெரியுமா, தட்டையாகத் தெரியுமா? அதைக் கண்டுபிடிக்கக் கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கிளம்புவார்கள்.

அன்று இரவு தம்பிக்கு போன் செய்து இதைச் சொன்னேன். ஹெலிகாப்டர் கதையையும் சொன்னேன். அவன் எப்போதும் 'ம்' மட்டும் போடுகிறவன். அன்று ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா... மேல இருந்து பார்த்தா சத்தம் கேக்குமா?"

"கேக்காதுடா. ஹெலிகாப்டர் இன்ஜின் சத்தத்துக்கே காதுல ஹெட்செட் மாட்டி விட்டுருவாங்க. வெளிச்சம் மட்டும்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்படின்னா நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

ஒரு சனிக்கிழமை மாலை

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்துப் பையன்கள் நிறைய பேருக்குத் தீபாவளி சீசன் என்றால் ஓசூர் பக்கம் பட்டாசுக் கடை வேலை. பதினைந்து, இருபது நாள். சாப்பாடு, தங்க இடம், தினக்கூலி. பெட்டி இறக்குவது, பிரித்து அடுக்குவது, கிஃப்ட் பாக்ஸ் கட்டுவது. காலேஜ் ஃபீஸில் ஒரு பகுதி, வீட்டுக்கு ஒரு புதுத்துணி, கையில் கொஞ்சம் காசு. என் தம்பியும் 2023-ல் அப்படித்தான் போனான். அப்போது அவன் காலேஜில் இரண்டாம் வருடம்.

அந்த வருடம் அக்டோபர் 7, சனிக்கிழமை. நான் மாலை ஷிஃப்டில் இருந்தேன். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில், லாரியில் இருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது என்று தகவல் வந்தது. பிரேக்கிங் நியூஸ் போட்டது நான்தான்.

டிஜிட்டல் டெஸ்க்கில் இந்த மாதிரிச் செய்திக்கு ஒரு வேலை உண்டு. புதுத் தகவல் வர வர, தலைப்பில் இருக்கும் எண்ணை மாற்ற வேண்டும். நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை மாற்றுவதற்கு முன்னாலும் தம்பிக்கு போன் போட்டேன். 'நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்...' என்று அந்தப் பெண் குரல் ஆரம்பித்ததும் கட் செய்துவிட்டு, அடுத்த எண்ணை டைப் செய்தேன். அவன் இருந்த கடை அத்திப்பள்ளி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி என்று எனக்குத் தெரியும். ஆனால் சரக்கு எடுத்து வர யாரை எங்கே அனுப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஊரில் அப்பா தெரிந்தவர் காரில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டார். அம்மா என்னிடம், "டி.வி-ல போடறாங்களே, அது நீ எழுதறதா பாப்பா? பேர் எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

இரவு 7.40-க்கு வேறு யாருடைய போனில் இருந்தோ அவன் பேசினான். "எல்லாரும் வெளியே ஓடி வந்துட்டோம் அக்கா. என் போன் உள்ளேயே சார்ஜ்ல மாட்டிக்கிச்சு. நான் நல்லா இருக்கேன்." நான் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணை மாற்றினேன்.

அத்திப்பள்ளியில் 14 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் சிலர் பிறகு இறந்தார்கள். அவர்களில் பலர் எங்கள் தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் டி.அம்மாபேட்டை என்ற ஒரே ஊரைச் சேர்ந்த இளைஞர்கள். சீசன் வேலைக்குப் போனவர்கள். என் தம்பி மாதிரியே.

அப்பா அன்று இரவே அவனைக் கூட்டி வந்துவிட்டார். அந்தத் தீபாவளிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். பத்து மணிக்குத்தான் திரும்பினான். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு அவனிடம் ஒரு பழக்கம். துணிக்கடை, மெடிக்கல் ஷாப், கல்யாண மண்டபம் என்று எங்கே நுழைந்தாலும், கண் முதலில் பின்வாசலைத்தான் தேடும். பின்வாசல் இல்லாத கடை என்றால், "நீ வாங்கிட்டு வாக்கா" என்று வெளியே நின்றுவிடுவான். வெடிச் சத்தத்துக்குப் பயந்துவிட்டான், போகப் போகச் சரியாகும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்பா சொன்ன ஐடியா

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். செவ்வாய்ச் சந்தை முடிந்து அப்பா களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். என் ஹெலிகாப்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"மேல இருந்து பார்க்கணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு ஹெலிகாப்டர்? வத்தல்மலைக்குப் போனா ஆச்சு."

வத்தல்மலை எங்கள் பக்கத்து மலை. சுமார் 3,500 அடி உயரம். அடிவாரத்தைத் தாண்டினால் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே பழங்குடி மக்களின் சின்னச் சின்ன ஊர்கள். காபி, மிளகு, சாமை, ராகி. ரோடு ஒழுங்காவதற்கு முன்னால் இருந்தே அப்பா அங்கே நடந்து போய் ஆடு பிடித்தவர். 'அண்ணா, அண்ணா' என்று உயிரை விடும் சிநேகிதர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். தர்மபுரி சமவெளி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 அடி. மலை உச்சிக்கும் அதற்கும் 2,000 அடி வித்தியாசம். ஊர் சுற்றிக்காட்டும் ஹெலிகாப்டர்கள் பறப்பதும் ஏறத்தாழ ஆயிரம், இரண்டாயிரம் அடியில்தான்!

"நீயும் வாடா" என்றார் அப்பா தம்பியிடம். அவன் எப்படியும் ஆறு மணிக்கு எங்கேயாவது போகத்தான் போகிறான். தலையை ஆட்டினான்.

தீபாவளி அன்று காலை எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு எல்லாம் ஆனது. அம்மா, "பொழுதோட மேல போய்ச் சேர்ந்துடுங்க. ராத்திரி அங்கேயே படுத்துட்டுக் காலையில வாங்க" என்று அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். நான்கு மணிக்குக் கிளம்பினோம். தம்பி வண்டியில் நான். அப்பா அவருடைய பழைய டி.வி.எஸ்-ஸில் முன்னால். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

ஏழு மணி முதல் எட்டு மணி வரை

தமிழ்நாட்டில் தீபாவளி அன்று பட்டாசு வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. மலை விளிம்பில் ஒரு பாறையில் நாங்கள் உட்கார்ந்தபோது ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. குளிர் காதைப் பிடித்தது. நிலா இல்லாத வானம். கீழே நெடுஞ்சாலை ஒரு ஒளிக்கோடு மாதிரி ஊர்ந்தது. அதற்கு வலப்பக்கம் பெரிய வெளிச்சம் தர்மபுரி. இடப்பக்கம் சின்னதாக நல்லம்பள்ளி. எங்கள் வீடு எந்தப் புள்ளி என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

ஏழு மணிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஜனங்கள் ஆயிற்றே!

முதலில் ஒன்றிரண்டு. பிறகு இருட்டு முழுக்க. அதை எப்படிச் சொல்வது? அம்மா கடுகு தாளிக்கும்போது சட்டிக்குள் தெறிக்குமே, அந்த மாதிரி இங்கே ஒன்று, அங்கே ஒன்று, எந்த ஒழுங்கும் இல்லாமல். எப்போதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த ராக்கெட்டுகள் எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே ஏறி, கீழேயே அணைந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒவ்வொன்றும் கட்டை விரல் நகம் அளவு.

"உருண்டைதான்க்கா" என்றான் தம்பி.

"என்ன?"

"நீ சொன்னியே, ஜப்பான் பசங்க சண்டை. மேல இருந்து பார்த்தாலும் உருண்டையாத்தான் தெரியுது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெடிச்சா எங்கே இருந்து பார்த்தாலும் உருண்டைதானே?"

சத்தம் ஏறக்குறைய இல்லவே இல்லை. தர்மபுரி வானம் மின்னிக்கொண்டே இருந்தது, ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அடிவாரத்து ஊர்களில் போடும் வெடி மட்டும், வெளிச்சம் அணைந்து நாம் அதை மறந்த பிறகு, 'டப்' என்று மெதுவாக வந்து சேர்ந்தது. தம்பி எண்ண ஆரம்பித்தான். வெளிச்சம் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. 'டப்'.

"பத்து செகண்ட். சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர். அப்போ மூணரை கிலோமீட்டர் கிட்ட" என்றான். அப்பா, "அது கோம்பையா இருக்கும்" என்றார். அடுத்ததற்கு மூவரும் சேர்ந்து எண்ணினோம்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வேறு கணக்கு வந்துவிட்டது. "அது 30 ஷாட். அது பார், விசிலோட போற ரகம். அந்தப் பச்சை, பெட்டி மேல மயில் படம் போட்டிருக்கும். அதைத் தூக்கினா கை அறுத்துடும், பட்டை கம்பியில கட்டியிருப்பாங்க." எனக்கு நிறம் தெரிந்தது. அவனுக்குப் பெட்டி தெரிந்தது. இருட்டில் ஒரு மாவட்டமே தெறித்துக்கொண்டிருக்க, அவன் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தான். பதினைந்து நாள் அடுக்கின கை இல்லையா?

பிறகு, எதையும் பார்க்காமல், அதே குரலில் சொன்னான்.

"அன்னைக்கு நாங்க வெளியே ஓடலக்கா."

நான் திரும்பினேன். அவன் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்திப்பள்ளியில தீப்பிடிச்சதுன்னு தெரிஞ்சதும், செக்கிங் வருவாங்கன்னு பயந்துட்டு, எங்களை உள்ளே வெச்சு ஷட்டரை இழுத்து விட்டுட்டாங்க. ஆறு பேர். போனை எல்லாம் வாங்கி ஆஃப் பண்ணிட்டாங்க. சத்தம் போடாம இருங்க, அவங்க வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னாங்க. லைட் கிடையாது. சுத்தி பெட்டி. அந்தக் கடைக்குப் பின்வாசல் இல்ல. ரோட்டுல ஆம்புலன்ஸ் போற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. பெட்டி அழுந்தி லேசா 'கிரிச்'னு சத்தம் வந்தாக்கூட ஆறு பேரும் மூச்சை நிறுத்திடுவோம். மூணு மணி நேரம்."

"ஏன்டா சொல்லல?"

"அம்மா தூங்க மாட்டாங்க. நீ நியூஸ்ல போட்டுருவ."

இரண்டுமே உண்மை. என்னால் பதில் பேச முடியவில்லை. அன்று மாலை என் கம்ப்யூட்டரில் நான் மாற்றிக்கொண்டிருந்த எண்ணுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, எந்த எண்ணிலும் சேராமல் ஆறு பையன்கள் இருட்டில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அது எந்தச் செய்தியிலும் வரவில்லை. எதுவும் நடக்காததால் வரவில்லை.

அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது என்று, அவர் பீடி பற்றவைக்கத் தீக்குச்சியை உரசப் போய், உரசாமல் பெட்டிக்குள் திரும்பப் போட்டதில் தெரிந்தது. வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையில் குளிருக்குச் சுற்றிவிட்டார்.

எட்டு மணி தாண்டியும் வெடி ஓயவில்லை. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் அடங்கியது. கீழே புகை ஒரு வெள்ளைத் துணி மாதிரி சமவெளி மேல் படிந்திருந்தது. ஹெலிகாப்டர் வீடியோவில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை. அதற்குள் ரீல் முடிந்துவிடும். சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் ராகிக் களியும் அம்மா கொடுத்த அதிரசமும் சாப்பிட்டோம். அன்று ராத்திரி தம்பி என்னிடம் நிறைய பேசினான். 'ம்' போட்டது நான்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பேர் போடாம எழுது. கடைப் பேரும் வேண்டாம். ஆனா ஒண்ணு மட்டும் எழுதுக்கா" என்றான்.

அவன் எழுதச் சொன்னது இது. அடுத்த தடவை நீங்கள் பட்டாசு வாங்கப் போகும்போது, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் கடைக்குப் பின்வாசல் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே வாங்காதீர்கள். நீங்கள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். பெட்டி எடுத்துக் கொடுக்கும் பையன் அங்கேயே இருப்பான்.

சீனியருக்கு அந்த 600 வார்த்தையையும் எழுதிக் கொடுத்தேன். 'தீபாவளி ராத்திரியில் ஹெலிகாப்டர் சவாரி சாத்தியமில்லை' என்று. சுமாராகத்தான் போனது. தம்பி லிங்க்கைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

"அடுத்த தீபாவளிக்கு அம்மாவையும் மலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்க்கா. எண்ணச் சொல்லித் தர்றேன்."